டகேஷி கிடானோ: வெனிஸில் ஒருவர், டோக்கியோவில் வேறொருவர்

ஜப்பானியப் படங்கள் பார்க்கும் நண்பர்கள் கூடினால் இயக்குநரும் நடிகருமான கிடானோவின் பெயர் எப்படியும் வந்துவிடும். வந்த கையோடு அதே சந்தேகங்களும் வரும். பாதிப் பேர் அவரை ஜென் துறவி மாதிரிப் பேசுவார்கள், மீதிப் பேர் டிவி கோமாளி என்பார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த கிடானோ? சுருக்கமா சொல்லுங்க.

1947ல் டோக்கியோவின் அடாச்சி பகுதியில் பிறந்தவர். அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். மெய்ஜி பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டு அசாகுசா வட்டாரத்தில் பிரான்ஸ்-ஸா என்ற அரங்கில் லிஃப்ட் இயக்கும் வேலைக்குப் போனார். ஆடை அவிழ்ப்பு நடனம் நடக்கும் இடம் அது. நடனங்களுக்கு நடுவே காமெடி துணுக்கு போடுவார்கள். ஃபுகாமி சென்சாபுரோ என்ற நகைச்சுவைக் கலைஞரிடம் அங்கேதான் தொழில் கற்றார்.

பிறகு மேடைக் காமெடி, வானொலி, டிவி, நடிப்பு, கடைசியாக இயக்கம். 1989ல் முதல் படம் எடுத்தபோது வயது 42. அதற்குள் ஜப்பானில் அவரைத் தெரியாத ஆளே இல்லை.

டகேஷிஸ் கேஸில் டகேஷியும் ஹனா-பி எடுத்தவரும் ஒரே ஆளா? நிஜமாவா?

நிஜம்தான். ஹனா-பி அவர் இயக்கி, 1997ல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதை வாங்கிய படம். டகேஷிஸ் கேஸில் 1986 முதல் 1989 வரை ஜப்பானில் ஒளிபரப்பான டிவி விளையாட்டு நிகழ்ச்சி. அதில் கோட்டைக்குள் உட்கார்ந்திருக்கும் பிரபு அவரேதான். பிற்பாடு போகோ சேனலில் ஜாவேத் ஜாஃப்ரியின் இந்தி வர்ணனையோடு அதைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை இந்தியாவில் இருக்கிறது. சேற்றில் விழுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, கோட்டைக்காரர் யார் என்று நாம் யோசிக்கவில்லை.

நமக்கு இது வேடிக்கையான தகவல். ஜப்பானியருக்கு இது தகவலே இல்லை, அவர்கள் அவரை அப்படித்தான் முதலில் பார்த்தார்கள். இந்தப் பக்கத்தில் இனி வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த வரிசை வித்தியாசத்திலிருந்து கிளம்புபவைதான்.

நடிச்சா பீட் டகேஷி, இயக்கினா டகேஷி கிடானோன்னு டைட்டில்ல போடுறாங்களே, ஏன்?

பீட் டகேஷி அவருடைய மேடைப் பெயர். 1970களில் பீட் கியோஷி என்பவரோடு சேர்ந்து டூ பீட் என்ற ஜோடியாக மான்சாய் செய்தார். மான்சாய் என்றால் இரண்டு பேர் நின்றுகொண்டு வேகமாகப் பேசிச் சிரிக்க வைப்பது. ஒருவர் கோணலாக உளறுவார், மற்றவர் திருத்துவார். டகேஷி உளறும் ஆள். முதியவர்கள், கிராமத்தார், அழகில்லாதவர்கள் என யாரையும் விடாமல் கிண்டலடிக்கும் நாக்கு. 1980 வாக்கில் ஜப்பானில் மான்சாய் அலை அடித்தபோது இந்த ஜோடி உச்சத்துக்குப் போனது. “சிவப்பு விளக்கா இருந்தாலும் எல்லாரும் சேர்ந்து கடந்தா பயமில்லை” என்பது அப்போது நாடே சொல்லித் திரிந்த அவர்கள் ஜோக்.

படங்களை இயக்கும்போது மட்டும் சொந்தப் பெயரைப் போட்டுக்கொண்டார். ஒரே டைட்டில் கார்டில் நடிகர் ஒருவராகவும் இயக்குநர் வேறொருவராகவும் தெரிவது அதனால்தான். வெளிநாட்டில் இரண்டாவது பெயர்தான் நிலைத்தது. ஜப்பானில் தெருவில் போகிறவரைக் கேட்டால் முதல் பெயரைத்தான் சொல்வார்.

அப்போ ஜப்பான்ல அவரை வெறும் காமெடியனாதான் பார்க்கிறாங்களா?

“வெறும்” என்ற சொல் பொருந்தாது. 1981ல் தொடங்கிய ஆல் நைட் நிப்பான் என்ற நள்ளிரவு வானொலி நிகழ்ச்சி, அன்றைய பள்ளி, கல்லூரிப் பையன்களுக்கு ஏறக்குறைய வேதம். அதே ஆண்டு தொடங்கிய ஹ்யோகின்-ஸோகு என்ற சனிக்கிழமை காமெடி நிகழ்ச்சியையும் வீட்டுக்கு வீடு பார்த்தார்கள். அரசியல் விவாதம், உலக வினோதச் செய்திகள், வினாடி வினா என எல்லா வகை நிகழ்ச்சிகளிலும் பல பத்தாண்டுகள் வாரா வாரம் வந்தார். அவருடைய சீடர் கூட்டத்துக்கு டகேஷி படை என்றே பெயர். அதிலிருந்து வந்த ஒருவர் 2007ல் மியாசாகி மாகாண ஆளுநராகவே ஆனார்.

கறுப்புப் பக்கமும் மக்களுக்குத் தெரியும். 1986 டிசம்பரில் தன் அந்தரங்க வாழ்க்கையைத் துரத்திய ஃப்ரைடே என்ற வார இதழின் அலுவலகத்துக்குள் சீடர்களோடு நள்ளிரவில் புகுந்து அடிதடி செய்தார். மறு ஆண்டு ஆறு மாதச் சிறைத் தண்டனை, ஆனால் நிறுத்திவைக்கப்பட்டது. சில மாதங்கள் டிவியில் இல்லை, அப்புறம் திரும்பி வந்துவிட்டார். ஆக, ஜப்பானியருக்கு அவர் சிரிக்க வைப்பவர், வம்பு பேசுபவர், கொஞ்சம் பயமுறுத்துபவர், வீட்டு ஆள் மாதிரி பழகிப்போனவர். இயக்குநர் என்பது இந்தப் பட்டியலில் கடைசியில் சேர்ந்தது.

டிவியில சிரிக்க வைக்கிறவர் திரையில் கொலை பண்ணா ஜனங்க எப்படி நம்புவாங்க?

முதலில் நம்பவில்லை. 1983ல் ஒஷிமா நாகிசாவின் “மெர்ரி கிறிஸ்துமஸ் மிஸ்டர் லாரன்ஸ்” படத்தில் போர்க்கைதி முகாமின் சார்ஜெண்டாக நடித்தார். அதன் கடைசி ஷாட் அவருடைய முகம்தான், பார்த்தவர்களுக்கு மறக்காது. ஜப்பானிய அரங்கில் நடந்தது வேறு. தன் முகம் திரையில் வந்ததுமே கூட்டம் சிரித்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அது அவரை உலுக்கியது. அதன் பிறகு டிவி நாடகங்களில் கொலையாளி, குற்றவாளி வேடங்களாகத் தேடி எடுத்து நடித்தார்.

வெளிநாட்டு ரசிகனுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவன் பார்த்தது முன்கதை இல்லாத ஒரு முகத்தை. ஒரே ஷாட் லண்டனில் நடுக்கத்தையும் டோக்கியோவில் சிரிப்பையும் கொடுத்ததற்கு ரசனை உயர்வு தாழ்வு காரணமில்லை.

அவர் படங்கள் ஜப்பான்ல ஓடவே இல்லைன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. முதல் படமான “வயலன்ட் காப்” உண்மையில் ஃபுகாசாகு கின்ஜி இயக்க வேண்டியது. தேதி ஒத்துவராமல் அவர் விலக, நாயகனாக நடிக்க வந்தவரிடமே இயக்கும் வேலை வந்தது. கிடைத்த கதையை ஏகத்துக்கும் மாற்றி எழுதிக்கொண்டு எடுத்தார். அது கவனிக்கப்பட்டது. அடுத்து வந்தவை வசூலில் சுருண்டன. 1993ல் வந்த “சொனாட்டினே” பெரிய தோல்வி. ஒகினாவா கடற்கரையில் யாகுசாக்கள், அதாவது ஜப்பானிய மாஃபியா ஆட்கள், வேலை வெட்டியில்லாமல் குழந்தைகள் போல விளையாடிக்கொண்டிருக்கும் படத்தை, டிவி டகேஷியைப் பார்க்க வந்த கூட்டம் என்ன செய்யும்?

ஆனால் 2003ல் வந்த “ஸடோய்ச்சி” 280 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. “அவுட்ரேஜ்” வரிசையும் நன்றாகப் போனது. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது: தொடர்ந்து தோற்றும் அவரால் படம் எடுக்க முடிந்ததே டிவியால்தான். ஒரு வாரம் டிவி, ஒரு வாரம் படப்பிடிப்பு என்று ஓட்டினார். டிவி வருமானத்தையும் செல்வாக்கையும் நம்பித்தான் படங்கள் நகர்ந்தன. அந்தக் கோமாளி இல்லாவிட்டால் இந்த மேதைக்குக் காசு கிடைத்திருக்காது.

ஐரோப்பாவுல யார் கண்டுபிடிச்சாங்க?

கண்டுபிடித்தது என்றால் ஒரு ஆள் இல்லை. “சொனாட்டினே” 1993ல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் “அன் சர்ட்டன் ரிகார்ட்” பிரிவுக்குப் போனது. லண்டனில் டோனி ரெயின்ஸ் போன்ற விமர்சகர்கள் விடாமல் எழுதினார்கள், பிரெஞ்சு விமர்சகர்கள் சேர்ந்துகொண்டார்கள். 1997 செப்டம்பரில் “ஹனா-பி” வெனிஸ் விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கம் வாங்கியது. 1958ல் இனாகாகி ஹிரோஷியின் ரிக்‌ஷாக்காரன் கதைக்குப் பிறகு ஒரு ஜப்பானியப் படத்துக்கு அது கிடைத்தது அப்போதுதான். அமெரிக்காவில் “சொனாட்டினே”யை 1998ல் வெளியிட்டது குவென்டின் டாரன்டினோவின் விநியோக நிறுவனம்.

இதில் ஒரு பக்க விளைவு உண்டு. வெளியே போனவை பெரும்பாலும் துப்பாக்கிப் படங்கள். அதனால் அங்கே அவர் யாகுசா கவிஞர் ஆகிவிட்டார். காது கேளாத இளைஞன் அலைச்சறுக்கு கற்கும் “எ சீன் அட் தி ஸீ”யும், பள்ளிக்கு மட்டம் போடும் இரண்டு பையன்களின் கதையான “கிட்ஸ் ரிட்டர்ன்”னும் பின்னால் தள்ளப்பட்டன. ஜப்பானில் பலருக்கும் நெருக்கமானது “கிட்ஸ் ரிட்டர்ன்”தான். நாம முடிஞ்சுபோயிட்டோமா என்று ஒருவன் கேட்க, முட்டாளே, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்று மற்றவன் சொல்லும் கடைசி வசனம் அங்கே பிரபலம். என் ஓட்டும் அந்தப் படத்துக்கே.

வெனிஸ் விருதுக்கு அப்புறம் ஜப்பான்காரங்க மனசு மாறிட்டாங்களா?

மரியாதை கூடியது, ஆள் மாறவில்லை. “ஹனா-பி” 1998 ஜனவரியில்தான் ஜப்பானில் வெளியானது. அதாவது உள்ளூர் ரசிகர்கள் விருது வாங்கிய படமாகவே அதைப் பார்த்தார்கள். கினெமா ஜுன்போ இதழின் விமர்சகர்கள் அதை அந்த ஆண்டின் முதல் படமாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜப்பான் அகாடமி விருதுகளிலோ சிறந்த படம் அதற்குக் கிடைக்கவில்லை. ஜோ ஹிசாய்ஷியின் இசைக்குக் கிடைத்தது.

வெனிஸ் மேடையில் அவர் என்ன சொன்னார் தெரியுமா? இத்தாலியும் ஜப்பானும் மறுபடி கூட்டுச் சேர்ந்து ஏதாவது ஒரு நாட்டோடு போருக்குப் போகலாம் என்று ஜோக்கடித்தார். அந்த நாக்கு எங்கிருந்து வந்தது என்று ஜப்பானில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊர் திரும்பி மறுபடி டிவியில் முகமூடி, விக் எல்லாம் மாட்டிக்கொண்டார். மேதைப் பட்டத்தை அவரே மதித்துக் காக்காதபோது உள்ளூர்க்காரர்கள் எதற்குக் காக்க வேண்டும்?

சரி, “ஜப்பான்காரங்களுக்கு அவரைப் புரியல, வெளிநாட்டுக்காரங்கதான் புரிஞ்சுக்கிட்டாங்க.” இது சரியா?

இல்லை. இந்தப் பேச்சு எனக்கு எரிச்சலூட்டும். “எ சீன் அட் தி ஸீ” 1991ல் வந்தபோது ஜப்பானின் ப்ளூ ரிப்பன் விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர் இரண்டும் வாங்கியது. கானுக்குப் போகும் முன்பே நடந்த கதை இது. ஹசுமி ஷிகெஹிகோ, யோடோகாவா நாகஹாரு போன்ற பெரிய விமர்சகர்கள் ஆரம்பத்திலேயே அவரைப் பாராட்டியவர்கள். ஜப்பானின் மூத்த இயக்குநர் குரோசவா அகிரா தனக்குப் பிடித்த நூறு படங்களைப் பட்டியலிட்டபோது, ஆண்டு வரிசையில் கடைசியாக வந்தது “ஹனா-பி”.

புரியாமல் போனது விமர்சகர்களுக்கு அல்ல. பொது ரசிகர்களும் புரியாததால் விலகவில்லை, வாரத்துக்குப் பல முறை இலவசமாகப் பார்க்கிற ஆளைக் காசு கொடுத்துப் பார்க்கத் தேவை இல்லாததால் விலகினார்கள். அது ரசனைக் குறைவு இல்லை. ஒருவரை அளவுக்கு மேல் தெரிந்துவைத்திருப்பதன் விளைவு.

அந்த மௌனமும் சலனமில்லாத முகமும் ஜென் தத்துவம்னு படிச்சேன். அப்படியா?

மேற்கத்திய விமர்சனங்களில் அடிக்கடி வருவது. ஜப்பானியர் அமைதியாக இருந்தாலே ஜென் என்று எழுதிவிடும் வழக்கம் பழைய இயக்குநர் ஓசு காலத்திலிருந்தே உண்டு. கிடானோவின் மௌனத்துக்கு எனக்குத் தெரியும் காரணங்கள் இவ்வளவு புனிதமானவை அல்ல.

முதல் காரணம், காமெடி. அடி விழுவதற்கு முன், விழுந்த பின், இந்த இரண்டைக் காட்டி நடுவிலுள்ளதை வெட்டினால் சிரிப்பு வரும். அதே வெட்டைத் துப்பாக்கிக்குப் போட்டால் அதிர்ச்சி வரும். மான்சாய் மேடையில் பழகிய நேரக்கணக்கு அது. இரண்டாவது, பொறியியல் மாணவனின் கணக்கு. தன் படத்தொகுப்பைப் பற்றிச் சொல்லும்போது காரணிப்படுத்துதல் என்பார். நான்கு பேரை ஒருவன் கொல்கிறான் என்றால் நான்கு கொலைகளையும் காட்ட வேண்டாம். கொலையாளி முதல் பிணத்தைக் கடந்து நடக்கிறான், அப்புறம் மற்றவர்களின் பிணங்களை மட்டும் காட்டு. பொதுவானதை ஒரு முறை வெளியே எடுத்துவிட்டால் போதும், மீதியைப் பார்ப்பவன் போட்டுக்கொள்வான்.

முகத்தைப் பற்றிச் சொல்வதானால், 1994 ஆகஸ்டில் ஸ்கூட்டர் விபத்தில் மண்டையும் தாடையும் நொறுங்கி, வலப்பக்க முகம் செயலிழந்தது. அதற்கு முன்பே அவர் அசையாத முகத்தோடுதான் நடித்தார். பின்னர் முகத்தில் ஒரு துடிப்பும் சேர்ந்துகொண்டது. விபத்து எல்லா ஜப்பானியரும் செய்தியில் பார்த்தது. “ஹனா-பி”யில் சக்கர நாற்காலியில் முடங்கிய காவலர் வரையும் ஓவியங்கள் கிடானோ தாமே வரைந்தவை. குணமாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் வரையத் தொடங்கினார். இந்த இடத்தில் மட்டும், வெளியே பார்த்தவர்களைவிட உள்ளூர்க்காரர்களுக்குப் படம் கூடுதலாக வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கிகுஜிரோவைத்தானே மிஷ்கின் நந்தலாலாவா எடுத்தார்?

அம்மாவைத் தேடிப் போகும் சிறுவன், கூடவே ஒரு வளர்ந்த ஆள், வழிநெடுகச் சந்திப்புகள் என்ற சட்டகம் கிடானோவின் அந்தப் படத்திலிருந்து வந்ததுதான். 2010ல் நந்தலாலா வந்தபோதே இது இங்கே நிறையப் பேசப்பட்டது, மறுபடி அந்தச் சண்டைக்குள் போக விருப்பமில்லை.

நம் தலைப்புக்குப் பொருந்தும் விஷயம் வேறு. கிகுஜிரோ என்பது கிடானோவின் அப்பா பெயர். குடிகார அப்பா, கண்டிப்பான அம்மா பற்றி அவர் ஜப்பானில் ஏராளமாகப் பேசியும் எழுதியும் வைத்திருக்கிறார். தலைப்பைப் பார்த்ததுமே உள்ளூர் ரசிகருக்கு அந்த மனிதர் நினைவுக்கு வந்துவிடுவார். படத்திலோ சிறுவனோடு போகும் ஆளின் பெயர் கிகுஜிரோ என்பது கடைசியில்தான் சொல்லப்படும். கானில் 1999ல் பார்த்தவர்களுக்கும் நமக்கும் அது ஒரு பெயர் மட்டும்.

குரோசவாவுக்கும் இதே கதிதானே? அவரும் வெளிநாட்டுலதான் பெரிய ஆளு?

வெளியே பார்க்க ஒன்று போலிருக்கும், உள்ளே வேறு. “ரஷோமோன்” 1950ல் கினெமா ஜுன்போ பட்டியலில் ஐந்தாவது இடம். தயாரித்த டாய்யெய் நிறுவனத்தின் தலைவருக்கே படம் பிடிபடவில்லை. ஜூலியானா ஸ்ட்ராமிஜியோலி என்ற இத்தாலியப் பெண்மணியின் முயற்சியால் வெனிஸ் போய் 1951ல் தங்கச் சிங்கம் வாங்கியது. மேற்கத்திய வாடை அடிக்கிறது என்ற முணுமுணுப்பு உள்ளூரில் குரோசவாவைத் தொடர்ந்தது. ஆனால் “செவன் சாமுராய்”, “யோஜிம்போ” எல்லாம் ஜப்பானில் பிரமாதமாக ஓடியவை. கிடானோவுக்கு ஆரம்பத்தில் கிடைக்காத வெற்றி அது.

குரோசவாவுக்கு நேர்ந்தது பின்னால். 1970களில் உள்ளூரில் பணம் போட ஆளில்லை. “டெர்சு உசாலா”வை சோவியத் ஒன்றியத்தில் எடுத்தார், “ககெமுஷா”வுக்கு ஹாலிவுட் இயக்குநர்கள் லூகாசும் கொப்பலாவும் கைகொடுத்தார்கள், “ரான்”னுக்குப் பிரெஞ்சுத் தயாரிப்பாளர் வந்தார். கிடானோவுக்கு டிவி இருந்தது என்று முன்பே சொன்னேன் அல்லவா, குரோசவாவுக்கு அது இல்லை.

உல்ட்டாவா, ஜப்பான்ல கொண்டாடி வெளியே யாருக்கும் தெரியாத இயக்குநர் உண்டா?

யமாடா யோஜி. அட்சுமி கியோஷி நடிக்க, டோரா-சான் என்ற ஊர் சுற்றி வியாபாரியின் கதை 1969 முதல் 1995 வரை 48 படங்களாக வந்தது. ஜப்பானியருக்கு அது புத்தாண்டு வழக்கம் மாதிரி. வெளியே விழாக்களில் அதற்குப் பெரிய இடமில்லை. 2002ல் அவர் எடுத்த “ட்விலைட் சாமுராய்” ஆஸ்கர் பரிந்துரை வரை போனபோது, வெளிநாட்டில் பலர் அவரைப் புதுமுகம் மாதிரிப் பார்த்தார்கள். கவாசே நவோமி இதற்கு நேர் எதிர், கானில் பலமுறை கௌரவிக்கப்பட்டவர், உள்ளூரில் சின்னக் கூட்டம்தான். கொரே-எடா இரண்டு பக்கமும் செல்லுபடியானவர். “ஷாப்லிஃப்டர்ஸ்” 2018ல் கானின் தங்கப் பனையையும் வாங்கி, ஜப்பானில் 450 கோடி யென்னையும் தாண்டியது.

அரசாங்க மரியாதையிலும் வித்தியாசம் உண்டா?

உண்டு. பிரான்ஸ் 2010ல் கிடானோவுக்குக் கலை இலக்கிய விருதின் உயரிய தரத்தைக் கொடுத்தது, 2016ல் லெஜியன் ஆஃப் ஹானர். 2010ல் பாரிஸின் கார்ட்டியே அறக்கட்டளை அவர் ஓவியங்களுக்கும் பொம்மைகளுக்கும் தனிக் கண்காட்சியே வைத்தது. ஜப்பான் அரசு 2018ல்தான் உதய சூரியன் விருது கொடுத்தது. அவ்வளவுதான், இதில் ரொம்பத் தோண்ட எதுவுமில்லை.

2003க்கு அப்புறம் எடுத்த படங்களை வெளிநாட்டு விமர்சகர்களே கைவிட்டுட்டாங்களே, ஏன்?

“ஸடோய்ச்சி”க்கு வெனிஸில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது, உள்ளூரிலும் ஓடியது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கைதட்டியது அப்போதுதான். அடுத்து அவர் செய்தது தன்னையே உடைத்துப் போட்டது. “டகேஷிஸ்” படத்தில் பிரபல நட்சத்திரம் பீட் டகேஷியும், அவரைப் போலவே இருக்கும் வாய்ப்பில்லாத நடிகர் கிடானோவும் சந்திக்கிறார்கள். “குளோரி டு தி ஃபிலிம்மேக்கர்”ரில் ஒரு இயக்குநர் ஓசு பாணி, பேய்ப்படம், நிஞ்ஜா என்று ஒவ்வொன்றாக முயன்று எல்லாவற்றிலும் தோற்கிறார்.

இந்தப் படங்கள் ஜப்பானிலும் ஓடவில்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் தடுமாறியதற்குக் காரணம் தெளிவு: பீட் டகேஷியைத் தெரியாமல் “டகேஷிஸ்” பார்ப்பதில் அர்த்தமில்லை. அதுவரை தேவைப்படாத முன்கதை திடீரென்று தேவைப்பட்டது. வெனிஸ் மட்டும் விடவில்லை. 2007ல் “குளோரி டு தி ஃபிலிம்மேக்கர்” என்ற பெயரிலேயே ஒரு விருதை உண்டாக்கி முதலாவதாக அவருக்கே கொடுத்தது. படம் சுமார்தான் என்பது என் கருத்து.

இரண்டு ஆளையும் ஒரே படத்துல பார்க்க முடியுமா? எதுல ஆரம்பிக்கலாம்?

புதிதாகப் பார்ப்பவர் “கிகுஜிரோ”வில் ஆரம்பிக்கலாம். சிரிப்பு, வன்மம், கடல், ஹிசாய்ஷி இசை எல்லாம் அதில் உண்டு. அடுத்து “சொனாட்டினே”, “கிட்ஸ் ரிட்டர்ன்”, “ஹனா-பி”. “கெட்டிங் எனி?” என்ற ஆபாசக் கிறுக்குப் படத்தை முதலில் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். ஆனால் டிவி டகேஷியின் வாசனை வேண்டுமானால் அதுதான் கிட்டத்தில் இருப்பது.

இரண்டு பேரும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் “புரோக்கன் ரேஜ்”. 2024ல் வெனிஸில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டு, அடுத்த ஆண்டு பிரைம் வீடியோவில் வந்தது. நீளம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். முதல் பாதியில் வயதான கொலையாளி ஒருவன் போலீசிடம் மாட்டி, யாகுசா கூட்டத்துக்குள் உளவாளியாக அனுப்பப்படுகிறான். முறையான குற்றப்படம். இரண்டாம் பாதியில் அதே கதை, அதே காட்சிகள், ஆனால் இந்த முறை நாற்காலி உடைகிறது, ஆள் தடுக்கி விழுகிறார். முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு அணைத்துவிடாதீர்கள்.